விரதத்தில் போடாத ஊசி

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து இரண்டு சந்தி கடந்த பிறகுதான் காலில் கிடப்பது அண்ணையின் சப்பாத்து என்று தெரிந்தது. நடக்க நடக்கக் குதிக்கால் உள்ளே வழுக்கியது. இருவரும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரியான பனிச் சப்பாத்துகள். அவருடையது ஓர் அளவு பெரியது. எங்களை அம்புலன்ஸில் ஏற்றியபோது பைகள் மாறியிருக்க வேண்டும். திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம். போனால் நான்காம் மாடிக்கு ஏற வேண்டும், கண்ணாடிக்கு அப்பால் வாயில் குழாயோடு கிடக்கும் அவரை மறுபடி பார்க்க வேண்டும். நான் பஸ் தரிப்பை நோக்கி நடந்தேன்.

அண்ணை என் உடன்பிறந்தவர் அல்லர். மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்ட்டில், பாதி நிலத்துக்குள் இறங்கிய ஒரு வீட்டில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். என்னைவிட இருபது வயது மூத்தவர், நீரிழிவுக்காரர். அந்த வீட்டுக் குசினி ஜன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையோடு அதற்கு முன்னால் இருந்து அண்ணை சாத்திரம் சொல்லுவார்.

"அந்தா, வேலை தேடிப் போற கால். இது வேலை முடிஞ்சு வாற கால். இது மனுசியிட்டை ஏச்சு வாங்கப் போற கால்."

"என்ரை கால், அண்ணை?"

"உன்ரை கால் வீட்டுக்குள்ளை நிக்கேக்கையே வெளியாலை பாக்குது."

உண்மைதான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பு, துபாய், வின்னிபெக், வன்கூவர் என்று எங்கும் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. சண்டை, சச்சரவு எதுவும் இருக்காது. ஒரு காலையில் எழும்பும்போது போக வேண்டும் போலிருக்கும், போய்விடுவேன். இன்று நினைவில் எல்லா ஊர்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அந்த ஜன்னல் மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த இலையுதிர் காலத்தில் இருவரும் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அடுப்பிலிருந்து ஓடும் பட்டியில் வரும் பாணை நின்றபடியே எடுத்துத் தட்டில் அடுக்குகிற வேலை. ஒரு நாள் ஒரு தாதி வந்து, சாப்பாட்டு அறையில் மேசை போட்டு, விரும்பியவர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டாள். போட்ட பிறகு பதினைந்து நிமிடம் கதிரையில் இருக்க வேண்டும் என்றார்கள். நான் போட்டது அந்தக் கதிரைக்காகத்தான்.

அண்ணை வரவில்லை. கந்தசஷ்டியின் நாலாம் நாள் அது. ஆறு நாளும் பின்னேரம் ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும்தான் எடுப்பார். அதோடுதான் தட்டும் தூக்கினார்.

"வாங்கோ அண்ணை, எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கு."

"விரதத்திலை உடம்புக்குள்ளை மருந்து ஏத்தக்கூடாது."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லத் தேவையில்லை. நீ நேற்றும் கோழிக்கால் கடிச்சவன், உனக்கு எந்த ஊசியும் ஏறும். சூரன்போர் முடியட்டும், பேந்து போடுவம்."

விரதத்தில் மருந்துக்குத் தடையே இல்லை என்று கோயில் ஐயர் பிறகு என்னிடம் சொன்னார். அன்று அதைக் கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

சூரன்போர் முடிந்தது, பாறணையும் முடிந்தது. அண்ணைக்குப் பிரெஞ்சு வராது. எனக்குப் பாதி வரும். "தம்பி, அந்த ஊசிக்குப் பாமசி வரைக்கும் ஒருக்கா வாவன்" என்று கேட்டார். "பேந்து போவம் அண்ணை" என்றேன். இன்னொரு தரமும் கேட்டார். அதே பதில். மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை. மார்கழியில் ஒரு காலை எனக்குப் போக வேண்டும் போலிருந்தது, தொழிற்சாலையை விட்டுவிட்டேன். மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜனவரியில் முதலில் அவருக்குக் காய்ச்சல், அடுத்த நாள் எனக்கு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. நாலாம் நாள் மத்தியானம் கஞ்சிக் கோப்பையைத் தூக்கவும் அவருக்கு மூச்சு போதவில்லை. உதடு நீலம் பாரித்தது. நான் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்தவர்கள் என் நெஞ்சிலும் குழாய் வைத்துப் பார்த்து, என்னையும் ஏற்றினார்கள்.

எனக்கு இரண்டு நாள் மூக்கில் ஒட்சிசன். மூன்றாம் நாள் பசித்தது. அவரைப் போன அன்றே மேல்மாடிக்குக் கொண்டு போய்விட்டார்கள். என்னைப் பார்த்த டாக்டர் சென்னைக்காரர்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஃப்ளூதான். நீங்க ஊசி போட்டிருந்தீங்களா?"

"ஓம்."

"அவரு?"

"இல்லை. விரதம்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "போட்டாலும் வரலாம், உங்களுக்கு வந்துச்சே. ஆனா வந்தா இவ்வளவு தூரம் முத்துறதுக்கு வாய்ப்பு குறைவு. அவருக்கு வயசும் இருக்கு, சர்க்கரையும் இருக்கு. ஊசி போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

"பிழைப்பாரா டாக்டர்?"

"பாப்போம்."

என் மனம் ஆறட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். ஆறவில்லை. ஊசி போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றும் அவர் அடித்துச் சொல்லவில்லையே.

வீட்டுக்கு வந்தேன். கஞ்சிச் சட்டி அடுப்பில் புளித்துக் கிடந்தது. கல்கரியில் இருந்த கூட்டாளிக்குப் போன் எடுத்தேன். "வேலை கிடக்கு, நாளைக்கே வெளிக்கிடடா" என்றான். பையை அடுக்கினேன், அதில் எனக்கு நல்ல பழக்கம். அப்போது மேசையில் சார்ஜில் கிடந்த அண்ணையின் போன் அடித்தது. தொழிற்சாலை மேற்பார்வையாளர். மொன்ட்ரியால்-நோரிலிருந்து வரும் ஹெயிட்டிக்காரி, குரல் ஊருக்கே கேட்கும். அண்ணை எங்கே என்று பிரெஞ்சில் கேட்டார். சொன்னேன். பிறகு, நாளைக்கும் அந்த இடத்தில் ஆள் இல்லாவிட்டால் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுவிடுவார்கள், தன்னால் மறிக்க முடியாது என்றார்.

ஜன்னலில் வெகுநேரம் கால்கள் போய்க்கொண்டிருந்தன. எந்தக் கால் எங்கே போகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காலையில் இரண்டு சோடி காலுறை போட்டு, அவருடைய சப்பாத்தை இறுக்கிக் கட்டினேன். பை கட்டிலிலேயே கிடந்தது. தொழிற்சாலை வாசலில் மேற்பார்வையாளர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொன்ஜூர். சொல்லாமல் ஓடினவர் திரும்பி வந்திருக்கிறார். இந்த முறை எத்தனை நாள்?"

"அவர் வரும் வரைக்கும்."

அண்ணை வந்தது பங்குனியில், கைத்தடியோடு. அன்று காலை அது எங்களுக்குத் தெரியாது. சுவர்க் கொளுவியில் தொங்கிய அண்ணையின் ஏப்ரனைக் காட்டி, போட்டுக்கொள் என்றார் அந்த அம்மா. கட்டிக்கொண்டு பட்டியின் முன்னால், அண்ணை நிற்கும் இடத்தில் நின்றேன். முதல் பாண் சூடாக வந்தது. எடுத்துத் தட்டில் வைத்தேன்.