இருபதடிக்கு ஒரு மா நிலம்

கனடாவில் கரண்ட் போனால் யாரும் கத்துவதில்லை. நம்ம ஊரில் போனாலும் ஒரு சத்தம், வந்தாலும் ஒரு சத்தம்; எதிர்வீட்டை எட்டிப் பார்த்து, அங்கேயும் இருட்டு என்றால்தான் மனசு ஆறும். இங்கே தெருவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போன பனிக்காலத்தில் அப்படிப் போன கரண்ட் மறுநாள்தான் வந்தது. ஹீட்டர் நின்று, வீடு ஐஸ்பெட்டியாகி, திருவிடைமருதூரிலிருந்து என்னோடு இருக்க வந்த அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. நானும் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம். வாசலில் எங்கள் எலெக்ட்ரிக் கார் முழு சார்ஜோடு நின்றது. அந்தக் கரண்டில் வீட்டையே ஓட்டலாம் என்று விற்றவன் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு வந்த ஆத்திரம்!

டக் என்கிற எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட்டேன். வீட்டுக்கு வருகிற கரண்டின் அளவு, அதாவது ஆம்ப், பத்தாது, மெயின் போர்டையே மாற்றணும். காரிலிருந்து கரண்டைத் திருப்பி எடுக்கத் தனி சார்ஜர் வேணும். அதற்கும் மேலே சுவரில் ஒரு பெட்டி வேணும் என்றார். தொகையைக் கேட்டதும் தலை கிறுகிறுத்தது. ஊர்ப்பக்கம் ஒரு மா நஞ்சை வாங்கிவிடலாம். காருக்குள் கரண்ட் இருக்கிறது, வீட்டுக்குள் அம்மா இருக்கிறாள், நடுவில் இருபதடி. அந்த இருபதடிக்கா இவ்வளவு?

அந்தப் பெட்டி எதற்கு என்று கேட்டேன். நம் கரண்ட் வெளியே லைனுக்குப் போகாமல் தடுக்க என்றார். எங்கள் தெருவில் கல்யாணமோ சாவோ, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுப்பதுதான் வழக்கம். யாரும் கணக்குப் பார்த்ததில்லை. அதனால் பெருந்தன்மையாக, “கொஞ்சம் போனால் போகட்டும், அக்கம்பக்கத்துக்குத்தானே” என்றேன். டக் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வெளியே ஆட்கள் இருப்பார்கள், மேடம்” என்றார். ஆட்கள் இருப்பதால்தானே கொடுக்கிறேன் என்கிறேன்! எனக்கு அவர் வடிகட்டிய கஞ்சராகத் தெரிந்தார். அவருக்கு நான் எப்படித் தெரிந்தேனோ.

எனக்கு இன்னொரு வழி தெரியும். புயல் சமயத்தில் ஊரில் வாடகை ஜெனரேட்டர் எடுப்பவர்கள், ரெண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சுவர் பாயிண்டில் செருகி வீடு முழுக்க லைட் போடுவார்கள். என் தம்பி குமார் அங்கே லைன்மேன். அவனுக்கு போன் போட்டேன்.

“டேய், அந்த ரெண்டு தலை ஒயரு எப்படிடா செய்யறது? இங்க காசு கொள்ளை போவுது.”

எப்போதும் கிண்டல் பண்ணுகிறவன் அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை.

“அக்கா, சேகர் எப்படிச் செத்தான்னு உனக்குத் தெரியுமா?”

சேகர் அவனோடு வேலை பார்த்த பையன். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். புயலுக்கு மறுநாள் கம்பத்தில் ஷாக் அடித்தது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

“சப்ளைய நிறுத்திட்டுத்தான் ஏறுனான். எவனோ வீட்டுல ஜெனரேட்டர இந்த மாதிரிச் செருகி வச்சிருக்கான். அந்தக் கரண்டு லைன்ல ஏறிடுச்சு. வெளிய வர்றது பக்கத்து வீட்டுக்கு மட்டுமா போவும்? கம்பத்துல நிக்கிறவன் கைக்கும்தான்க்கா போவும்.”

“அம்மாவுக்கு இழுப்புடா...” என்று இழுத்தேன்.

“அம்மாவக் காப்பாத்த இன்னொருத்தன் சாவணுமா? பெட்டிய மாட்டு.” வைத்துவிட்டான்.

மறுபேச்சுப் பேசாமல் டக்கைக் கூப்பிட்டேன். ஊரில் நிலம் வாங்கச் சேர்த்த பணம் அந்தச் சுவரில் போய் உட்கார்ந்தது. நஷ்டமா, லாபமா என்று இன்னமும் எனக்குக் குழப்பம்தான்.

இந்த மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது. பெட்டியின் கைப்பிடியைக் கார் பக்கம் திருப்பினேன். ஹீட்டர் உறுமியது. அம்மா போர்வையோடு ஜன்னலோரம் நின்றாள். வெளியே கொட்டுகிற பனியில் ஒருவன் கம்பத்து உச்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“யாரு பெத்த புள்ளையோ, இந்தக் குளிர்ல தொங்குது. சாப்டானான்னு கேளுடி.”

ஊரில் அப்போது விடிந்திருக்கும். நல்ல மழை என்று நேற்றே குமார் சொல்லியிருந்தான். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் கம்பத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். நான் மறுபடி பெட்டியிடம் போனேன். கைப்பிடி கார் பக்கம்தான் இருந்தது. ஒரு நேரத்தில் அது ஒரு பக்கம்தான் நிற்கும், கார் பக்கம் நின்றால் வெளி லைன் துண்டாகிவிடும் என்று டக் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். தெரிந்தும், போய்ப் போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த ஊர்க் கம்பத்தில் நிற்பவனுக்காக என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.