தொண்டை சரியில்லை என்றேன்

மூன்றாவது பிள்ளை பிறந்ததிலிருந்தே எனக்கு அது உண்டு. தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசியும். அறுபதைத் தாண்டிய பிறகு பாடினாலும் கசிந்தது. மாதா கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், குரலை உச்சத்துக்கு எடுத்தபோது புடவையே நனைந்துவிட்டது. தொண்டை சரியில்லை என்று சொல்லிப் பாடகர் குழுவிலிருந்து நின்றுகொண்டேன்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் கோலாலம்பூரில். நான் நாலு பேரோடு பேசிச் சிரித்ததே அந்தக் குழுவில்தான். சுங்கை பெசார் டவுனுக்குப் பஸ் ஏறவும் பயந்து, தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். வயலோரத்து வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? தொண்டைக்கென்று தேனும் பனங்கற்கண்டும் வந்து குவிந்தன. குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவள் தவறாமல் சுக்குக் காப்பி கொண்டுவருவாள். ஆனால் உட்காரவே மாட்டாள். வாசலிலேயே பிளாஸ்க்கை நீட்டிவிட்டு, "வேல கெடக்குக்கா" என்று ஓடிவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டு நாற்காலியில் என்ன முள்ளா இருக்கிறது?

சர்க்கரை பார்க்கக் கிளினிக்குக்குப் போனபோது தாதியிடம் மென்று விழுங்கிச் சொன்னேன். பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் என் மகளைவிடச் சின்னவள். பரிசோதித்துவிட்டு, இடுப்புக்கு அடியில் தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்திருக்கிறது என்றாள். மறுபடி பாட முடியுமா என்று மட்டும் கேட்டேன். முடியும் என்றாள். காற்றையும் சிறுநீரையும் அடக்குவதுபோல் மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும், பிறகு முழுசாகத் தளர்த்த வேண்டும். நான்தான் பாட்டுக்காரியாயிற்றே, மூச்சை நிறைத்து வயிற்றை இறுக்கினேன்.

"ஆன்ட்டி, மூச்ச அடக்காதீங்க லா. அது கீழதான் தள்ளும். இழுத்துப் பிடிச்சிக்கிட்டே பாடுங்க."

சிரிப்பு வந்தது. பயந்துபோய் அதையும் அடக்கிக்கொண்டேன்.

மாதக்கணக்கில் அடுப்படியில் நின்று பாடினேன். ஒருநாள் குரல் உச்சத்துக்குப் போனது, ஒரு துளிகூடக் கசியவில்லை. அதைச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இல்லையே என்று அழுகை வந்தது.

அடுத்த முறை சுக்குக் காப்பி வந்தபோது வாசலிலேயே சொல்லிவிட்டேன், தொண்டைக்கு ஒன்றும் இல்லை, இதுதான் விஷயம் என்று. அவள் பிளாஸ்க்கை நீட்டாமல் அப்படியே நின்றாள்.

"நானும் அதனாலதான்க்கா யாரு வீட்டுலயும் உக்கார்றதில்ல."

நாற்காலியில் ஒரு துண்டை விரித்துவிட்டு, உள்ளே வா என்றேன்.