வியாழக்கிழமை மேடு

அந்த மனிதரை எல்லோரும் சிக்னல்காரர் என்றுதான் சொல்வார்கள். செல்போன் கம்பெனியில் வேலை. காரின் பின்சீட்டில் ஐந்தாறு போன்களை வரிசையாகக் கட்டி வைத்து, பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, தெருத்தெருவாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். போன்கள் ஏதோ ஒரு பெரிய ஃபைலை இறக்கும். இறக்கி முடித்ததும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து இறக்கும். எங்கே டேட்டா தாராளமாக ஓடுகிறது, எங்கே திணறுகிறது என்று கணக்கெடுப்பதுதான் பிழைப்பு. பார்க்கிறவர்களுக்கு வேலை வெட்டி இல்லாதவர் ஊர் சுற்றுவது போலத்தான் இருக்கும். மனிதர் வேலையில் கெட்டிக்காரர். பேசத்தான் வராது. ஊரே பேசுவதற்கு வழி செய்கிறவர், தன் வாயைத் திறக்கக் கூலி கேட்பார் போலிருக்கும்.

வியாழக்கிழமை என்றால் மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். அம்மா போன பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். துணி தைத்துத் தைத்தே படிக்க வைத்தவள். இப்போது அவளுக்குத் துணை அந்தத் தையல் மெஷின் மட்டும். வாசலில் ஒரு மரம். அதன் நிழலை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாதென்று காலையிலேயே ஒரு நீல வாளியைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். இவர் வாளியை நகர்த்திவிட்டுக் காரை நிறுத்துவார். போன்களை மட்டும் அணைக்க மாட்டார். அணைத்தால், திரும்ப ஒவ்வொன்றாக லேப்டாப்போடு இணைத்து வழிக்குக் கொண்டுவர அரை மணி நேரம் பிடிக்கும். அவை பாட்டுக்குக் காரில் இறக்கிக்கொண்டு கிடக்கும். இவர் ஒரு கண்ணை ஜன்னல் மேலேயே வைத்துச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, எழுந்து போவார்.

ஒரு வியாழன் அக்கா பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டாள்.

“ஏன்டா, வர்ற, சாப்பிடுற, தூங்குற, போற. என்கிட்ட நாலு வார்த்தை பேசினா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்? உனக்கு அந்தப் போனுங்கதான் கூடப் பிறந்ததுங்க.”

“நான் வர்றது பிடிக்கலன்னா விடு. இனிமே வரல.”

கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்று இவருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அவ்வளவு கோபம். “ஒரு போன் போட்டுப் பேசுங்களேன்” என்று மனைவி சொன்னதற்கு, “அவளே போடட்டும்” என்றார். ரோஷத்தைப் பாருங்கள்! அக்காவுக்கும் அதே ரத்தம்தானே. அவளும் போடவில்லை.

இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒருநாள் காலையில் ரிப்போர்ட் மேடம் கூப்பிட்டார். எந்த டவரில் எவ்வளவு டேட்டா ஓடியது என்று வாராவாரம் மேலிடத்துக்குச் சொல்கிறவர்.

“அண்ணா, இந்தத் தெருவைப் பாருங்க. நல்லா இருந்த டேட்டா டிராஃபிக் திடீர்னு படுத்துடுச்சு. யாரோ பெரிய கஸ்டமர் நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க. போய் விசாரிங்க. எப்படியாவது திரும்பக் கூட்டிட்டு வரணும்.”

திரையில் கோடு தரையோடு ஊர்ந்து, ஒரு மேடாக ஏறி, இறங்கி, மறுபடி ஊர்ந்தது. வாரத்துக்கு ஒரே ஒரு மேடு. எல்லாமே வியாழன் மதியம். அப்புறம் மேடே இல்லை. எது யாருடைய போன் என்று டவருக்குத் தெரியாது. ஓடினால் எண்ணும், அவ்வளவுதான். அது அக்கா வீட்டுத் தெரு என்று சிக்னல்காரருக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி தேடுகிற பெரிய கஸ்டமர் இதோ எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று எப்படிச் சொல்வது? அந்தத் தெருவை விட்டுப் போனது அவர்தான்.

“என்னண்ணா, தெரிஞ்ச இடமா?”

“பார்த்துட்டு வந்து சொல்றேன் மேடம்.”

அன்றைக்கும் வியாழன்தான். தெருமுனையிலேயே பிரேக்கில் கால் தானாகப் போனது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டால்? கதவையே திறக்காமல் போய்விட்டால்? அப்புறம் பிறந்த வீட்டு உறவென்று தனக்கு யார் இருக்கிறார்கள்?

மர நிழல் காலியாக இருந்தது. நடுவில் நீல வாளி.

இவர் வராத வாரங்களிலும் வைத்திருக்கிறாள். வைத்துப் பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் எடுத்து வைத்திருக்கிறாள். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கி வாளியை நகர்த்தி, காரை நிறுத்தினார். பின்சீட்டுப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு போனாக அணைத்தார்.

வாசலில் அக்கா நின்றிருந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு.

“என்னடா, காருக்குள்ள ஒண்ணும் மினுக்கல? கெட்டுப் போச்சா?”

“அணைச்சுட்டேன்.”

“திரும்பப் போட அரை மணி ஆகும்னு அலுத்துப்பியே.”

“ஆகட்டும்க்கா. நீ பேசு.”

“நான் எதுக்குப் பேசணும்? நீ பேசு” என்றாள். வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

பேசினார். மனைவியைப் பற்றி, முட்டி வலியைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். சாப்பாடு ஆறிப் போனது.

மறுநாள் மேடத்திடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். மேடம் முதலில் முறைத்தார். ஒரு மனிதரின் சாப்பாட்டு வேளையை அல்லவா இத்தனை காலம் வளர்ச்சி என்று மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்! பிறகு அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார்.

“சரி, கஸ்டமர் திரும்ப வந்துட்டாரா?”

“வந்துட்டார் மேடம். ஆனா கோடு ஏறாது.”

ஏறவில்லை. வியாழன் மதியம் அந்தத் தெருவின் கோடு இப்போதும் தரையோடுதான் கிடக்கிறது. அந்த நேரத்தில் அவர் அங்கே உட்கார்ந்து அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறார்.