தேரைக்கு நிற்கும் பேருந்து

பக்கக் கண்ணாடியில் ஓடி வருகிறவர்களைப் பார்த்தபடியே கதவை மூடுவார் பியோ ஓக்சிம். தேகு நகரத்தின் ஓரத்தில், எங்கள் குடியிருப்பிலிருந்து சந்தைக்குப் போகும் சிற்றுந்தின் ஓட்டுநர். நானே எத்தனையோ காலை அந்தக் கதவைத் தட்டித் தோற்று, மூச்சு வாங்க நின்றிருக்கிறேன். ஒருநாள் கேட்டே விட்டேன். "அரை நிமிஷம் நின்னா என்ன டிரைவரம்மா?"

"அரை நிமிஷம் முன்னாடி எந்திரிச்சா என்ன?" என்றார்.

காய்ந்த கணவாய்மீன் துண்டை வாயோரம் அதக்கிக்கொண்டுதான் வண்டி ஓட்டுவார். பிராணிகளைக் கண்டால் உருகிப்போகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பணிமனைப் பூனை காலைச் சுற்றினால் விரட்டுவார். விலாங்குமீன் குழம்பென்றால் இரண்டு கிண்ணம் காலி.

மே மாதம் மழை பெய்தால் மட்டும் ஆளே வேறு. எங்கள் ஏரியில் வாலுதிர்ந்த தேரைக்குஞ்சுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுதான், ஈரத்தை நம்பி மலைக்குக் கிளம்பும். நடுவில் குறுக்கே கிடப்பது எங்கள் சாலை. ஓக்சிம் வண்டியை நிறுத்திவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து மெல்லிய துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கி, குஞ்சுகளை நோகாமல் கூட்டி அள்ளி மலைப்பக்கம் கொண்டுபோய் விடுவார்.

சந்தையில் டோஃபு விற்கும் யோம் அக்காதான் முதலில் கத்துவாள். "ஏண்டி, மனுசங்க ஓடி வந்தா கதவைச் சாத்துற. தேரைக்கு மட்டும் ராஜ மரியாதையா?"

"உங்களுக்கு அடுத்த வண்டி இருக்குக்கா. அதுங்களுக்கு அடுத்த மழைதான். அதுக்குள்ள காஞ்சு செத்துரும்."

"என் டோஃபு புளிச்சுப் போகுதுடி!"

"புளிச்சா நான் வாங்கிக்கிறேன். பேரன் பொறந்தப்ப நம்ம ஊரு வழக்கப்படி 'தேரையாட்டம் கொழுகொழுன்னு இருக்கான்'னு தெருத்தெருவா சொன்னீங்களே, இப்ப மட்டும் தேரை கசக்குதா?"

வண்டியே சிரிக்கும். யோம் அக்காவும் சிரித்துவிடுவாள். ஆனால் இந்த வருஷம் புது அடுக்குமாடிக்காரர்கள் சிரிக்கவில்லை. பேருந்து நிறுவனத்துக்குப் புகார் எழுதிவிட்டார்கள். இன்னொரு தடவை வழியில் நிறுத்தினால் திரும்பவும் வண்டி கழுவத்தான் போக வேண்டும் என்று மேலாளர் குவாக் சொல்லியிருந்தார். பதினொரு வருஷம் பேருந்து கழுவிக்கொண்டே ஓட்டக் கற்று, உரிமம் எடுத்து, ஓக்சிம் பிடித்த இருக்கை அது. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. விஷயம் தெரிந்ததிலிருந்து நான்தான் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டுக்குக் கணவாயை மென்றுகொண்டிருந்தார்.

போன வியாழக்கிழமை காலை நல்ல மழை. குவாக்கே வந்து முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். ஏரி வளைவில் சாலை முழுக்கக் கறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. வண்டி நின்றது.

"எடுங்கம்மா."

"எடுக்க மாட்டேன் சார்."

"போயும் போயும் தேரைக்காக வேலையை விடுவீங்களா?"

"அதுங்க காலங்காலமா போற வழி சார் இது. ரோடு நேத்து வந்துச்சு. நாம அதுக்கும் பின்னாடி வந்தவங்க."

"கடைசியா சொல்றேன். எடுங்க."

எப்படியாவது இந்த ஒரு தடவை ஓட்டிவிட மாட்டாரா என்று நான் நினைத்தேன். நினைத்த கையோடு வெட்கமாகவும் இருந்தது.

ஓக்சிம் எஞ்சினை அணைத்தார். சாவியை உருவி, குவாக்கின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களைத் தானே மடக்கிவிட்டார். "நீங்களே ஓட்டுங்க சார்."

பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி, முன்சக்கரத்துக்கு நேர் எதிரே, பேருந்துக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டார்.