ராஜாக்கண்ணு கட்டாத பில்

புதூர்நாட்டு மலைப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும், ஏதாவது ஒரு வீட்டுச் சுவரில் ராஜாக்கண்ணுவின் போன் நம்பர் கரியால் எழுதியிருக்கும். பிரசவம், காய்ச்சல், சந்தைக்குப் போகும் புளி மூட்டை, எதுவானாலும் அவருடைய ஜீப்பைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அவர் முதலில் வைத்திருந்த போன் கம்பெனியின் சிக்னல், பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டினால் கிடைக்காது. "போட்டுப் போட்டு கை நோவுதுண்ணா. நீ போனு வச்சிக்கினு இருக்கறதும் ஒண்ணு, செங்கல்ல வச்சிக்கினு இருக்கறதும் ஒண்ணு" என்று தங்கை பாஞ்சாலியே கிண்டல் செய்தாள். அவள் அடுத்த ஊரில் முனியனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் சொன்னது உறைத்தது. கடைசி பில்லைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறினார்.

அதற்குப் பிறகும் பழைய கம்பெனி பில் அனுப்பியது. மறுமாதமும் அனுப்பியது. பிறகு கட்டச் சொல்லி ஒரு பெண் போன் செய்தாள்.

"வூட்ட காலி பண்ணி சாவியும் குடுத்தாச்சும்மா. இன்னும் வாடக கேட்டா இன்னா அர்த்தம்?"

"சிஸ்டத்துல பாக்கி காட்டுதுங்க சார். கட்டலன்னா உங்க புதுக் கம்பெனிகிட்ட சொல்லி நம்பரை நிறுத்திடுவாங்க."

மனைவி சம்பூர்ணத்துக்குப் பயம் வந்துவிட்டது. "ஒரு வாட்டி வண்டி ஓட்டுனா வர்ற காசு. குடுத்துத் தொலச்சிட்டு வேலயப் பாருய்யா."

"வாங்காத கடன நான் இன்னாத்துக்குக் குடுக்கணும்? இன்னிக்கு எனக்கு அனுப்புவான், நாளைக்கு முனியனுக்கு அனுப்புவான்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் இன்றைக்கும் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஒருநாள் காலையில் போன் வேலை செய்யவில்லை. ரசீதை எடுத்துக்கொண்டு ஜீப்பிலேயே திருப்பத்தூருக்கு இறங்கினார். பழைய கம்பெனி ஆபீசில் "மேல கேக்கணும், உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தார், எழுந்து சண்டை போட்டார், மறுபடியும் உட்கார்ந்தார். மத்தியானத்துக்கு மேல்தான் ரசீதைப் படம் பிடித்துக்கொண்டு, நாளைக்குள் போன் வந்துவிடும் என்றார்கள். பாதி ஜெயித்த மாதிரி இருந்தது. நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு மலையேறினார்.

பாதி வழியில், ஒரு வளைவில், நாலைந்து பேர் போர்வையைக் கம்பில் தூளியாகக் கட்டிச் சுமந்துகொண்டு இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தது முனியன். ஜீப்பைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்க மச்சான் போன?"

சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது பாஞ்சாலியை நாகம் கடித்திருந்தது. ராஜாக்கண்ணு தூளிக்குள் கையை விட்டு அவள் காலைத் தொட்டார். சில்லென்று இருந்தது. அப்படியும் அவளை ஜீப்பில் ஏற்றித் திருப்பத்தூருக்கே ஓட்டினார். வழியெல்லாம் முனியன் பேசிக்கொண்டே வந்தான்.

"ஆம்புலன்சு வேற கேசுக்குப் போயிருக்குன்னாங்க. உனுக்குப் போட்டா யாரோ பொம்பள பேசுது, இந்த நம்பர் இல்லன்னுது. வேற வண்டி பாக்கறேன்டின்னேன். கேக்கல மச்சான். அண்ணன் எடுக்கும், இன்னொரு வாட்டி போடு, இன்னொரு வாட்டி போடுன்னா."

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

காரியம் நடந்த அன்று, முனியன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது ராஜாக்கண்ணுவின் போன் அடித்தது. பழைய கம்பெனிதான்.

"உங்க புகார் சரின்னு முடிவாயிடுச்சு சார். பில்ல ரத்து பண்ணிட்டோம். சிரமத்துக்கு வருந்துறோம். வேற எதாவது உதவி வேணுங்களா?"

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, நம்பர நிறுத்தி வச்ச அன்னிக்கு எனக்கு யாருனா போட்டிருந்தா, உங்க சிஸ்டத்துல காட்டுமா? எத்தினி வாட்டி போட்டாங்கன்னு பாத்துச் சொல்றியா?"

"அது எங்களுக்கு வராதுங்க சார்."

"சரிம்மா."

போனை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த முனியனுக்கு எல்லாமே கேட்டிருந்தது. கீழே பார்த்தபடியே சொன்னான்:

"நானும் எண்ணல மச்சான்."