கொடி ஏறாத காலை

ஐம்பதுகளின் இறுதியில், முல்லைத்தீவுக் கடற்கரையோர அரசாங்க அலுவலகம் ஒன்றில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். அன்று சுதந்திர தினம். பனிமூட்டம் கடலையும் கரையையும் ஒரே சாம்பல் நிறமாக்கியிருந்தது. எதிரே நின்றவர்கள்கூடக் கனவில் வருபவர்கள்போல் பாதிதான் தெரிந்தார்கள்.

எங்கள் முற்றத்துக் கம்பத்தில் நாள்தோறும் தேசியக் கொடி ஏறும். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய சட்டத்தால் மனம் புண்பட்டிருந்த இளைஞர்கள் அன்று விடியுமுன்பே கறுப்புக் கொடியுடன் வந்து கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஓர் ஆசிரியர். தேசியக் கொடியை ஏற்ற அவர்கள் விடவில்லை. கறுப்பை ஏற்ற எங்கள் அதிகாரி விடவில்லை. என் மனம் இளைஞர்கள் பக்கம், சம்பளம் அதிகாரியின் பக்கம். கம்பம் வெறுமையாக நின்றது.

அப்போது மீனவப் பெண் ஒருத்தி மணலில் ஓடி வந்தாள்.

"ஐயா, ஏன் இன்னும் துணி ஏத்தேல்லை? என்ர மனுசன் வள்ளத்தோட வெளியில நிக்கிறார்!"

அந்தக் கரையில் பாறைகளுக்கு நடுவே வள்ளம் நுழைய ஒரே வழிதான் உண்டு. முன்பு ஒரு தனிப்பனையைக் குறியாக வைத்து வருவார்கள். மழைக்காலப் புயலில் அது விழுந்தபின், எங்கள் கொடியும் மாதா கோயில் சிலுவையும் ஒரே நேராகத் தெரியும்போது வள்ளத்தை உள்ளே விடுவார்கள். அலுவலகத்தில் எங்களுக்கு அன்றுவரை இது தெரியாது.

கடலைப் பார்த்தோம். சற்று மெலியத் தொடங்கியிருந்த மூட்டத்துக்குள் மைக்கறைபோல் ஒரு வள்ளம், பாறைப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, கறுப்பை ஏத்துறம்" என்றார் ஆசிரியர்.

"பின்னால பனங்கூடல் இருண்டு நிக்குது, அதுக்கு முன்னால கறுப்பு எங்க தம்பி தெரியப்போகுது? நீ ஒருநாளாவது கடலுக்குப் போனனியே?"

"அப்ப வழக்கமான கொடியை..." என்று அதிகாரி தொடங்கினார். இளைஞர்கள் கயிற்றை இறுகப் பிடித்தார்கள்.

அவள் இரு பக்கத்தையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அருகிலிருந்த தன் வீட்டுக்குள் ஓடி, வெள்ளைச் சேலையொன்றைக் கொண்டு வந்தாள். அது அவள் மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டபோது உடுத்தது.

"இதுக்கும் ஆராவது சட்டம் கதைக்கப்போறியளோ?"

இளைஞர்கள் கயிற்றை விட்டார்கள். ஆசிரியர் முடிச்சுப் போட்டார். அதிகாரி கயிற்றை இழுத்தார். சேலை மெல்ல மேலேறி, ஈரக் காற்றில் ஒருமுறை மடங்கி, முழு நீளத்துக்கும் விரிந்தது. கறுப்புக் கொடி மணலில் கிடந்தது. தேசியக் கொடி என் கைகளில் மடிப்புக் கலையாமல் இருந்தது. எல்லோரும் கடலையே பார்த்து நின்றோம்.

வள்ளத்தின் தலை திரும்பியது. சிறிது நேரத்தில் அது பாறைகளுக்கு நடுவே நுழைந்து கரையைத் தொட்டது.

அவளுடைய கணவர் நனைந்து நடுங்கியபடி மேலே பார்த்தார்.

"என்னப்பா, எங்கட கலியாண வீடு இன்னும் முடியேல்லையோ?"

"கதையாமல் இறங்குங்கோ" என்றவள், அவருடைய தோளில் ஓர் அடி போட்டுவிட்டு அழத் தொடங்கினாள்.

மூட்டம் கலைந்ததும் சேலையை இறக்கினோம். அதை மடிக்க ஒரு முனையை நான் பிடித்தேன். உப்பு ஈரத்தில் கனத்தது. அன்று வேறெந்தக் கொடியும் ஏறவில்லை. அடுத்த மாதமே அதிகாரிக்கு இடமாற்றம் வந்தது.

அந்த இளைஞர்களின் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் எந்தக் கொடி உயர்ந்தாலும், அதை நம்பிக் கரைக்கு வரவேண்டியவர்கள் யாராவது வெளியே நிற்கிறார்களா என்று என் கண் முதலில் தேடுகிறது.