கடைசி வண்டிக்குக் கேட்ட சொல்

என் அண்ணனை அடித்துக் கொன்றவர்கள் ஒன்பது பேர் என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். அந்த ஒன்பது பேரும் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஒருவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். இன்னொருவர் தண்ணீர் கேன் போடுபவர். ஒரே சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் ஒன்றாகக் கிளம்பிய பைக்குகள், அவ்வளவுதான். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே அடித்திருக்கிறார்கள்.

அதற்கு ஒரு நிமிஷத்துக்கு முன் என் அண்ணன் ஒரு மனிதரைக் கொன்றிருந்தான். அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவன் கான்கிரீட் கலவை லாரி ஓட்டினான். பதினொரு வருஷம் ஓட்டினான். வீட்டில் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது; அதை அவன் ஓட்டினால் எங்களுக்குப் பொறுமை போய்விடும். சந்திலிருந்து எட்டிப் பார்க்கிற சைக்கிளுக்கும் நிறுத்துவான். பின்னால் ஹாரன் அடித்தால் ஓரம் கட்டி, கையை வெளியே நீட்டிப் போகச் சொல்வான். "இவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சா ரோட்டுல போற எல்லாரும் மாமனார் வீட்டு ஆளுங்கதான்" என்பாள் அண்ணி. "உங்க வீட்டு ஆளுங்களுக்கு இப்படி வழி விட்டிருந்தா எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காதே" என்பான் அவன். குரலை உயர்த்தி அவன் பேசி நான் கேட்டதில்லை.

லாரியில் அவன் தனியாகப் போவதில்லை. ஐந்து வண்டிகள் சேர்ந்துதான் போகும். கலவை டிரம்மில் ஏறிய ஒன்றரை மணி நேரத்துக்குள் அதைக் கொட்டியாக வேண்டும். பாலத்துக்கு மேல்தளம் போடும்போது, ஒரு வண்டி கொட்டி முடிக்கையில் அடுத்தது பின்னால் வந்து நிற்க வேண்டும். தாமதமானால் முதலில் கொட்டியது இறுகிவிடும், அடுத்துக் கொட்டுவது அதோடு சேராது. நடுவில் ஒரு கோடு நிற்கும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஒட்டு. ஒட்டு விழுந்த தளத்தை உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அதனால் ஐந்து வண்டிகளும் ஒன்றையொன்று தொடர்ந்தே ஓடும். நடுவில் வேறு வண்டி நுழைந்தால் அதையும் ஒட்டு என்றே சொன்னார்கள். தளத்துக்கு வைத்த சட்டம் எப்போது சாலைக்கும் வந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

அந்த வரிசைக்குப் பெயர் ரயில். முதல் வண்டிக்காரர் இன்ஜின். ஐம்பது தாண்டியவர், அகன்ற தோள், எல்லோரையும் 'ம்மா', 'ப்பா' என்று கூப்பிடுகிறவர். என் அண்ணன் கடைசி வண்டி. அதனால் அவன் கார்டு.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் பஸ் ஓடவில்லை. என் அலுவலகம் அவர்கள் போகிற வழியில்தான் இருந்தது. "ஏறு பாப்பா. கம்பெனி கேட்டைத் தாண்டுற வரைக்கும் குனிஞ்சு உக்காரு. மேனேஜர் பார்த்தா நானும் உன்கூட நடந்துதான் வரணும்" என்றான்.

கண்ணாடிக்குக் கீழே ரப்பர் பேண்டில் ஒரு வாக்கி-டாக்கி தொங்கியது. கரகரப்புக்கு நடுவில் இன்ஜின் குரல் வந்தது.

"கார்டு, வரியா, இல்ல கட்டில்ல இருந்தே பேசுறியா?"

"உங்க புகையைக் குடிச்சிட்டுதான்ணே வரேன். சர்க்கரை கொஞ்சம் கம்மி."

நாலாவது வண்டியின் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு உடைந்திருந்தது. அண்ணன் அந்த உடைந்த விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினான். சாலையை அவன் பார்க்கவில்லை. வளைவு எங்கே வருகிறது, ஆள் எங்கே கடக்கிறார் என்பதெல்லாம் இன்ஜின் பார்த்துக்கொள்வார். நாலாவது வண்டி பிரேக் பிடித்தால் இவன் பிடித்தான். அது நகர்ந்தால் இவன் நகர்ந்தான். நானும் சற்று நேரத்தில் அந்த விளக்கையே பார்க்க ஆரம்பித்தேன். நாங்கள் ஐந்து வண்டிகளும் ஒரே உடம்பு போலவும், மற்றதெல்லாம் அதில் வந்து உட்காருகிற ஈக்கள் போலவும் தோன்றியது. அந்த நினைப்பு சுகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரொட்டி ஏற்றிய ஒரு வேன் எங்களுக்கு முன்னால் புகுந்தது. உடைந்த விளக்கு மறைந்தது.

"ஒட்டு விழுந்துடுச்சுண்ணே" என்றார் நாலாவது வண்டிக்காரர்.

"விடாதே" என்றது இன்ஜின்.

அண்ணன் கியரை மாற்றினான். நானும் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு, "விடாதண்ணா" என்று.

முன்னால் போன நாலு வண்டிகளும் மெதுவாயின. மூன்றாவது வண்டி வலப்பக்கம் வந்து சுவர் போல ஓடியது. பின்னால் நாங்கள். வேன் ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. ஐந்து கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. வேன்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். "அண்ணே, பள்ளிக்கூட கேன்டீனுக்கு லேட்டாயிடுச்சுண்ணே, தெரியாம வந்துட்டேன்" என்றார் அவர். இன்ஜின் அறைந்தார். இன்னொருவர் உதைத்தார். என் அண்ணன் வீல் ஸ்பேனரோடு இறங்கினான். முதல் அடியில் வேனின் முன்கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவதை அந்த ஆள் கையை உயர்த்தித் தடுத்தார். முன்னங்கை எலும்பு ஒடிந்த சத்தம் கேபினுக்குள் இருந்த எனக்குக் கேட்டது. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடிப்பது போலத்தான் இருந்தது. கதவு திறந்த வேனிலிருந்து ரொட்டிகள் சரிந்தன. எங்கள் வண்டிகள் அவற்றின் மேல் ஏறித்தான் கிளம்பின.

உடைந்த விளக்கு மறுபடி முன்னால் வந்ததும், "காலையில சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டான் அண்ணன். நான் அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

இனி, போன வாரம் நடந்தது. நாலாவது வண்டிக்காரர் சொன்னதையும் போலீஸ் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பகல் பத்தரை மணி, அகலமான நெடுஞ்சாலை. இடப்பக்கம் ஒரு கிளைச் சாலை பிரிகிறது. ஒரு சிவப்புக் கார் அந்தச் சாலைக்குப் போக வேண்டும். அரைக் கிலோமீட்டர் முன்பிருந்தே இடது இண்டிகேட்டர் போட்டிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். ரயில் இடம் கொடுக்கவில்லை. பிரிவு நெருங்கியதும் கார் நாலாவது வண்டிக்கும் அண்ணனுக்கும் நடுவில் நுழைந்தது.

"ஒட்டு விழுந்துடுச்சுண்ணே."

இன்ஜின் ஏதோ சொன்னார். அண்ணன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான்.

லாரியின் முனை காரின் பின்பக்கத்தில் பட்டது. கார் சுழன்று சாலை பிரியும் இடத்துச் சிமெண்ட் தடுப்பில் குறுக்காக மோதி நின்றது. இருபத்தைந்து டன்னோடு லாரி அதன் மேல் ஏறியது. உள்ளே இருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், முப்பத்தாறு வயது. அவரை வெளியே எடுக்கக் காரின் கூரையை அறுக்க வேண்டியிருந்தது. பின் இருக்கையில் அவர் யாருக்கோ கொண்டுபோன மூன்று கண்ணாடிகள் பெட்டிக்குள் உடையாமல் இருந்தனவாம்.

அடுத்த பச்சைக்கு அந்தப் பைக்குகள் வந்தன. ஒருவர் கேபின் கதவைத் திறந்தார். ஒருவர் இழுத்தார். பிறகு யார் என்ன செய்தார் என்று அவர்களுக்கே தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் விசாரணையில் அழுதாராம்: "எல்லாரும் அடிச்சாங்க சார், நானும் அடிச்சேன்."

முன்னால் போன நாலு வண்டிகளும் நிற்கவில்லை. போய்க் கலவையைக் கொட்டிவிட்டு நாற்பது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார்கள்.

இன்ஜின் சொன்ன அந்த ஒரு சொல்தான் இப்போது வழக்கு. 'விட்டுடா கார்டு' என்றுதான் சொன்னேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாவது வண்டிக்காரர் தனக்கு 'வெட்டுடா கார்டு' என்று கேட்டதாகச் சொன்னார். வண்டியைச் சட்டென்று குறுக்கே ஒடிப்பதற்கு அவர்கள் பேச்சில் வெட்டு என்று பெயர். இரண்டாவது, நாலாவது வண்டிக்காரர்களுக்கு வெறும் கரகரப்புதான் கேட்டதாம். ஒரு எழுத்து மாறினால் இன்ஜின் சிறைக்குப் போவார். அடிபட்ட பிறகு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்த என் அண்ணன் யாரிடமாவது ஏதாவது சொன்னானா என்று போலீஸ் கேட்டது. என்னிடம்தான் பேசியிருந்தான். நாளைக் காலை பத்து மணிக்கு வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

"வெட்டுடான்னுதான் சொல்லியிருப்பான் அந்த ஆளு. உங்கண்ணன் தானா ஒருத்தரை இடிப்பாரா? சைக்கிளுக்கு வழி விடுற மனுஷன். நீ அதைத்தான் எழுதணும் பாப்பா" என்றாள் அண்ணி.

இன்று சாயங்காலம் இன்ஜின் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். அண்ணி கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை அவர் முகத்தில் எறிந்தாள். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"இன்னொண்ணு இருந்தா அதையும் எறிம்மா" என்றார். "நான் வாதாட வரல. விட்டுடான்னு சொன்னேன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். மூணாவது வண்டிக்காரன் சொன்னதுக்கப்புறம் எனக்கே தெரியல. ராத்திரி பகலா சொல்லிப் பார்க்கிறேன், ரெண்டுமே என் குரல்லதான் கேக்குது. அவனுக்கு எது கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லும்மா. எதுவா இருந்தாலும் சரி."

அண்ணி என்னைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் தாடை உடைந்திருந்தது. உதடு சேராது. விட்டு என்றாலும் வெட்டு என்றாலும் ஒரே காற்றுதான் வந்தது. "எதுண்ணா, எழுதிக் காட்டு" என்று உள்ளங்கையை நீட்டினேன். வெட்டு என்று எழுத முதலில் கொம்பு போட வேண்டும். அவன் விரல் கொம்பு போடவில்லை. நேராக வ எழுதினான். நிறுத்தினான். பிறகு அதன் மேலே சுழித்தான். சந்தேகம் வரக்கூடாது என்பது போல அந்தச் சுழியை இரண்டு தடவை போட்டான். "அப்புறம் ஏன்ணா?" என்றேன். காற்றும் எச்சிலுமாக வந்ததைக் காதை வைத்துக் கேட்டேன். "காது கேட்டுச்சு. கை கேக்கல."

"விட்டுடான்னுதான் கேட்டிருக்கு" என்றேன். "நல்லாவே கேட்டிருக்கு."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "பொய் சொல்ற" என்றாள். நான் ரொட்டி வேனைச் சொன்னேன். ஸ்பேனரைச் சொன்னேன். ஒடிந்த கையைச் சொன்னேன். 'விடாதண்ணா' என்றது நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் கையைக் காற்றில் வீசி என்னை நிறுத்தப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. அவள் எழுந்து என் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். பிறகு என் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். இன்ஜின் தலை குனிந்து நின்றார். தப்பித்த முகமாக அது இல்லை.

"நாளைக்கு அதை எழுதிக் கொடுத்துடுவேன்" என்றேன். "கூடவே இன்னொண்ணும் எழுதப் போறேன். நீங்க ஏன் நிக்கல?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"வேகத்தைக் குறைச்சு கண்ணாடில பார்த்தேம்மா. ஆளுங்க ஏறுறதைப் பார்த்தேன். அவனை இழுக்கிறதையும் பார்த்தேன். நாலாவது வண்டிக்காரன் 'நிறுத்தவாண்ணே'ன்னு கேட்டான்." ரத்தம் தாடை வரை வந்திருந்தது. "கலவை இறுகிடும், ஒட்டு விழுந்துடும்னேன். வேற எதுவும் எனக்குத் தோணல. சத்தியமா தோணல. எழுதிக் கொடு."

அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து, துணி சுற்றியிருந்தது.

"கையில என்ன?" என்று கேட்டாள் அண்ணி.

"அவன் வண்டி அங்கயே நின்னுடுச்சு இல்லம்மா. டிரம் சுத்தல. மொத்தக் கலவையும் உள்ளயே கல்லாயிடுச்சு. ஆள் உள்ள இறங்கித்தான் உடைக்கணும். வேற யாரையும் இறங்க விடல. ஆறு நாளா நான்தான் உடைக்கிறேன்."

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"பாதிக்கு மேல."

அண்ணி குனிந்து, நசுங்கிய டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"உடைங்க" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.